மேற்பரப்பின் ஐந்து மில்லிமீட்டர்

பெருக்கப் பெருக்கத் தூசி

புதிதாகப் போட்ட சிமென்ட் தரையைப் பெருக்கினால் வெளிர்சாம்பல் நிறத்தில் தூசி வருகிறது. மறுநாள் பெருக்கினாலும் வருகிறது, ஓராண்டு கழித்தும் வருகிறது. வெளியிலிருந்து காற்று கொண்டுவந்த மண் அல்ல அது. தரையே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைப்பத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. வேறு சில தளங்களில் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உரிகிறது. உரியாத இடத்திலும் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கிறது. ஆனால் அதே தளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஜல்லியும் சாந்தும் கல்லாக இறுகியிருக்கும். ஒரே கலவை, ஒரே நாள், ஒரே சிமென்ட். உள்ளே கல், மேலே மாவு. சிமென்ட் சரியில்லை, மணல் சரியில்லை என்று பழி போடுவது எளிது. அப்படியானால் உள்பகுதியும் கெட்டிருக்க வேண்டுமே? கெடவில்லை. ஆகவே கோளாறு மூட்டையில் இல்லை. மேற்பரப்பில் மட்டும் நடந்த ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எந்த ஊரிலும் எழக்கூடிய இந்தக் கேள்வியை இங்கே பிச்சாவரத்தில் வைத்துப் பார்ப்போம். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் உப்பங்கழிக்காடு இது. உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடும் சுரபுன்னையும், உள்ளே புகுந்த உப்பை இலை வழியே வெளித்தள்ளும் வெண்கண்டலும்தான் இங்கே செழிக்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலுக்குப் பிறகும், கடலூர் மாவட்டக் கடலோரத்தில் குடிசைகள் இருந்த இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. படகுத்துறை, வலை பின்னும் கூடம், மீன் இறக்கும் தளம் என்று கடலோர மக்களின் பிழைப்பும் கான்கிரீட்டின்மேல்தான் நடக்கிறது. சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள ஊரில் தரை தூசியாவது தொல்லை. கடலோரத்துக் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் அது தொல்லையோடு நிற்காது. உப்பு உள்ளே போகக் கதவு திறந்துவிட்டது என்று பொருள்.

கலவை கொட்டிய பிறகு நடப்பது

ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் நான்கையும் குழைத்துக் கொட்டி மட்டம் பார்த்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். கலவைக்குள் அப்போதுதான் ஒரு நகர்வு தொடங்குகிறது. கனமான ஜல்லியும் மணலும் சிமென்ட் துகள்களும் மெல்லக் கீழே அமர்கின்றன. இலேசான தண்ணீர் இடுக்குகளின் வழியே மேலே வருகிறது. இதை மேலூறல் என்று அழைப்போம். தளம் போட்ட சிறிது நேரத்தில் அதன்மேல் மினுங்கும் ஈரம் மேலூறலால் வந்ததுதான். அந்தத் தண்ணீர் தனியாக வருவதில்லை. நுண்ணிய சிமென்ட் துகள்களையும், எம்-சாண்டில் இருக்கும் மாவுத்தூளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல அவை தளத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. இந்தச் சிமென்ட் பாலாடைதான் பின்னாளில் துடைப்பத்தோடு வருகிற தூசி.

அது ஏன் வலுவற்றதாக இருக்கிறது? சிமென்ட் கல்லாவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு வேதிவினை புரிவதால். அந்த வினைக்குச் சிமென்ட் தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தண்ணீரைத்தான் கட்டிக்கொள்கிறது. கலவையைக் குழைக்கவும் பரப்பவும் அதைவிட அதிகமாக ஊற்றுகிறோம். மிஞ்சிய தண்ணீர் பிறகு வெளியேறும்போது அது இருந்த இடம் நுண்துளைகளாக நின்றுவிடும். ஆகவே ஒரு கிலோ சிமென்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற நீர்–சிமென்ட் விகிதம்தான் கான்கிரீட்டின் வலிமையையும் அடர்த்தியையும் பெரிதும் முடிவு செய்கிறது. மேலூறல் அந்த விகிதத்தை இடத்துக்கு இடம் மாற்றிவிடுகிறது. மேலே தண்ணீர் தேங்கி நிற்கும்போதே கரணையால் தேய்த்தால், வெளியேற வந்த நீரை மேல் அடுக்கிலேயே திரும்பப் பிசைந்து வைக்கிறோம். ஈரத்தை உறிஞ்ச உலர் சிமென்டைத் தூவித் தேய்க்கும் பழக்கமும் உண்டு. அன்று மாலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே ஒரு வகைச் சாந்து, அடியில் வேறு வகைக் கான்கிரீட் என்று இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, வலைபோல மயிர்க்கோடுகள் விடும்.

குளிர்நாட்டின் குமிழிகள்

1930களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சாலைகளில் ஒரு வேறுபாடு தென்பட்டது. பனிக்காலம் வந்துபோனதும் பெரும்பாலான கான்கிரீட் சாலைகளின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது; சில சாலைகள் மட்டும் அப்படியே இருந்தன. தப்பித்தவற்றில் பயன்பட்ட சிமென்டை அரைக்கும்போது, அரைப்பது எளிதாகட்டும் என்று மாட்டுக்கொழுப்பு போன்ற பொருள்களைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கொழுப்பு கலவையில் சோப்பாக வேலை செய்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். துளைகளில் நிறைந்த நீர் உறைந்தால் போக இடமின்றிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பக்கத்திலேயே காலிக் குமிழி இருந்தால் அதற்குள் நகர்ந்து அழுத்தம் தணியும். இதை 1940களில் ஆராய்ந்த டி. சி. பவர்ஸ், குமிழிகள் எத்தனை என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம் என்று காட்டினார். சாந்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஒரு குமிழி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இப்படி வேண்டுமென்றே நுண்குமிழிகளைக் கலப்பதற்குக் காற்றேற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இன்று கொழுப்பு இல்லை. அதற்கென்றே திரவச் சேர்மானங்கள் வந்துவிட்டன. குமிழிகள் எவ்வளவு நுண்ணியவை என்பதற்கு ஒரு கணக்கு: பருமனில் 5 சதவீதம் காற்று, எல்லாக் குமிழியும் 0.1 மில்லிமீட்டர் விட்டம் என்று கொண்டால், ஒரு லிட்டர் கான்கிரீட்டில் ஒன்பது கோடிக்கு மேல் குமிழிகள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456 நெறித்தொகுப்பு (2000) நீர் உறைந்து உருகும் இடங்களுக்காக, 20 மில்லிமீட்டர் ஜல்லியிட்ட கலவையில் 5 சதவீதக் காற்றை, ஒரு சதவீதம் கூடலாம் குறையலாம் என்ற வரம்போடு சொல்கிறது. லடாக்கில் சாலை போடுபவருக்கு அது உயிர்நாடி. பிச்சாவரத்தில் தண்ணீர் ஒருநாளும் உறைவதில்லை. அப்படியானால் குமிழியைப் பற்றி இங்கே பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது. உறைபனிக்காக வந்த குமிழி வேறு உதவிகளும் செய்கிறது. கலவை கொழகொழவென்று இளகி வருவதால் தண்ணீரைக் குறைக்கலாம். குமிழிகள் துகள்களைத் தாங்கிப் பிடிப்பதால் மேலூறலும் குறைகிறது. மேலூறல்தான் பாலாடைக்குக் காரணம் என்றால், அதைக் குறைக்கும் எதையும் வரவேற்கலாமே என்று ஒருவர் கேட்பது நியாயம்தான்.

குமிழியும் கரணையும்

சிக்கல் தேய்ப்பில் வருகிறது. காற்றேறிய கலவையில் நீர் மெதுவாக ஊறுகிறது. மேற்பரப்பின் ஈரமோ காற்றில் வேகமாக உலர்கிறது. பார்ப்பவருக்குத் தளம் இறுகிவிட்டது என்று தோன்றும். அப்போது இரும்புக் கரணையையோ சுழலும் தேய்ப்பு இயந்திரத்தையோ அழுத்தி ஓட்டினால் மேலே ஒரு மூடி விழுந்துவிடும். அடியில் இன்னும் இளகியிருக்கும் கலவையிலிருந்து மேலேறும் நீரும் காற்றும் மூடியைத் தொட்டு அங்கேயே தங்கும். முதலில் கொப்புளங்கள், பிறகு சில மில்லிமீட்டர் கனத்தில் தகடு தகடாகப் பிரிதல். இதனால்தான், மொத்தக் காற்று 3 சதவீதத்துக்கு மேல் போனால் இரும்புக் கரணையால் கண்ணாடி வழவழப்புக்குத் தேய்க்கக் கூடாது என்று அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் தள வழிகாட்டி எச்சரிக்கிறது. இன்னொரு நட்டமும் உண்டு. அழுத்தித் தேய்க்கும்போது மேல் அடுக்கின் குமிழிகள் நசுங்கி வெளியேறுகின்றன. பனி முதலில் தாக்குவது அந்த அடுக்கைத்தான். ஆகவே குளிர்நாடுகளில் வெளித்தளங்களைக் குமிழியோடு போட்டுத் துடைப்பத்தால் வரியிட்டு விடுகிறார்கள். உள்தளங்களைக் குமிழியின்றிப் போட்டு மெருகேற்றுகிறார்கள். இரண்டையும் ஒரே தளத்தில் கேட்பதில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு காரணியும் சேர்கிறது. கடைகளில் கிடைக்கும் சிமென்டில் பெரும்பகுதி அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து சாம்பல் மலையாகக் குவிகிறது. சாம்பல் சிமென்ட் கடலோரத்துக்கு நல்லது. நன்கு ஈரம் காத்தால் நாளடைவில் துளைகளை அடைத்து உப்பின் நடையைத் தடுக்கும். ஆனால் அது மெதுவாக இறுகும். கரணை வைக்கும் நேரம் தள்ளிப்போகும். சாம்பலில் எரியாமல் தங்கிய கரி இருந்தால், அது காற்றேற்றச் சேர்மானத்தை உறிஞ்சிவிடும். ஒரு லோடில் 5 சதவீதம் வந்த காற்று அடுத்த லோடில் 2 ஆகக் குறையலாம். அளந்து பார்க்கும் கருவி இல்லாத சிறு வேலையிடத்தில் குமிழியை நம்பித் தளம் போடுவது ஆபத்து என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஒரு தளம், ஒரு மே மாதப் பகல்

கிள்ளைப் பக்கம் ஒரு மீனவ ஊரில் வலை பழுதுபார்க்கக் கம்பி கட்டிய தளம் ஒன்று போடுவதாக வைத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், கனம் 15 செ.மீ. பரப்பு 30 சதுர மீட்டர், பருமன் நான்கரைக் கன மீட்டர். கடலோரச் சூழலை ஐஎஸ் 456 ‘கடுமையான’ வகையில் வைக்கிறது. அதன்படி கலவை குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரம், ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். நம் தளத்துக்கு 1,440 கிலோ சிமென்ட், அதாவது ஏறத்தாழ 29 மூட்டை. தண்ணீர் 648 லிட்டருக்குள்.

காலை பத்து மணிக்குக் கொட்டி முடித்தாயிற்று. வெயில் ஏறுகிறது, காற்று வீசுகிறது. இத்தகைய பகலில் ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் ஆவியாவதாகக் கொள்வோம்; இந்த அளவைத் தொட்டாலே எச்சரிக்கை வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய வழக்கு. மேலூறலோ மணிக்கு அரை லிட்டர்தான் என்று கொள்வோம். 30 சதுர மீட்டரில் மணிக்கு 30 லிட்டர் போகிறது, 15 லிட்டர்தான் வருகிறது. பற்றாக்குறையான 15 லிட்டரை மேல் அடுக்கிலிருந்தே காற்று பிடுங்குகிறது. அரை மணியில் மினுக்கம் மறைகிறது. தளம் இறுகிவிட்டதென்று எண்ணி முக்கால் மணியில் கரணை வைக்கிறார்கள். உள்ளேயோ மேலூறல் நிற்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணியில் ஊறும் 15 லிட்டர் எங்கே போகும்? 30 சதுர மீட்டரில் பரவினால் அது அரை மில்லிமீட்டர் கன நீர்ப்படலம். தோலையும் உடலையும் பிரித்துவைக்க அது போதும்.

இதே தளத்தில் 5 சதவீதக் காற்றும் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தானாகச் சிக்கும் ஒரு சதவீதத்தைக் கழித்தாலும் 4 சதவீதம் கூடுதல் காற்று. ஒவ்வொரு சதவீதமும் வலிமையில் ஏறத்தாழ 5 சதவீதத்தைக் குறைக்கும். தண்ணீரைக் குறைத்து ஈடுகட்டாவிட்டால் எம் 30 என்று போட்டது 24 அளவுக்கு இறங்கும். பனியே விழாத ஊரில் பனிக்காகக் கொடுக்கும் விலை அது.

இப்போது உப்பின் கணக்கு. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அது ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துருவின் பருமன் இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்குவரை. உள்ளிருந்தே அது கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். இப்படி ஊர்வதற்கு ஆகும் காலம் ஆழத்தோடு நேராகக் கூடுவதில்லை. ஆழம் பாதியானால் காலம் கால் பங்காகிவிடும். 45 மில்லிமீட்டர் மூடலைக் கடக்க உப்புக்கு 25 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால், மேல் தோலில் 5 மில்லிமீட்டர் உரிந்துபோன தளத்தில் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுதான் ஆகும். கனத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் போனது. ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் உரியாமல் மிஞ்சிய பகுதி நன்றாக இறுகியிருந்தால்தான்.

உப்பும் பனியைப்போலத்தானே?

ஒரு வலுவான மறுப்பு உண்டு. உறைவது நீர் மட்டுமா, உப்பும்தானே துளைக்குள் படிகமாகிறது? பிச்சாவரத்துக் கழியில் நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் கான்கிரீட் நனைவதும் காய்வதுமாக இருக்கிறது. காயும்போதெல்லாம் உப்புப் படிகம் வளர்ந்து துளைச்சுவரை அழுத்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து உப்பு தணியும், கோடையில் மீண்டும் ஏறும். பனிக்கட்டிக்கு இடம் தரும் குமிழி உப்புக்கும் இடம் தராதா?

சிறிதளவு தரும். ஒன்றோடொன்று இணையாத தனித்தனிக் குமிழிகள் நீர் நடமாட்டத்தைப் பெரிதாகக் கூட்டுவதும் இல்லை. இவ்விரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டைக் கடலோரத்தில் முதலில் வீழ்த்துவது படிகத்தின் அழுத்தத்தைவிடக் குளோரைடுதான். குமிழி குளோரைடைத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பவை குறைந்த தண்ணீர், போதிய மூடல், நீண்ட நாள் ஈரம், உருக்குலையாத மேல் தோல். குமிழிக்காக மேல் தோலைப் பணயம் வைப்பது, சிறிய எதிரியைத் தடுக்கப் பெரிய எதிரிக்கு வழிவிடுவதாகும். மேலூறலைக் குறைக்கக் கொஞ்சம் காற்று வேண்டுமென்றால் மொத்தம் 3 சதவீதத்துக்குள் நிறுத்தலாம். அந்தத் தளத்தை மணியாசுக் கட்டையால் தேய்த்துத் துடைப்ப வரியோடு விட வேண்டும். ஈரக்காலோடு மீன்கூடை தூக்கி நடக்கும் இடத்தில் வழவழப்பு ஆபத்தும்கூட.

வழவழப்பே கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. காற்றேற்றம் இல்லாத கலவையில், சரியான நேரத்தில், இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்த்த மேற்பரப்பு உண்மையாகவே அடர்த்தியானது; தூசி விடாது, உப்பும் எளிதில் நுழையாது. நல்ல வழவழப்பும் கெட்ட வழவழப்பும் முதல் நாள் ஒன்றாகவே தெரியும். வேறுபாடு கரணை வைத்த நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, மினுக்கம் மறைவதும் தனியாகச் சொல்லாது. ஓர் ஆள் தளத்தின்மேல் ஏறி நின்றால் கால்தடம் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பதியக் கூடாது. அப்போது கட்டை வைக்கலாம். இரும்புக் கரணை அதற்கும் பிறகு, தடம் பதிவதே அரிதான நிலையில். அதுவரை வெயிலும் காற்றும் ஈரத்தைப் பிடுங்காதபடி தளத்தின்மேல் பாலித்தீன் தாள் விரித்து வைக்கலாம். கொட்டும் வேலையையே மாலைக்கு மாற்றினால் ஆவியாதல் வெகுவாகக் குறையும்.

காத்திருக்க யாருக்கு நேரம்?

கடைசி மறுப்பு வேலையிடத்திலிருந்து வருகிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாட்கூலி. மாலைக்குள் முடித்து அடுத்த வேலைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரரோ கண்ணாடிபோல இருக்க வேண்டும், இன்றே பார்க்க வேண்டும் என்கிறார். அந்த அவசரத்துக்குத்தான் உலர் சிமென்ட் தூவுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கேட்டதைக் கொடுக்கிறார்கள், கேட்டது தவறு.

தண்ணீரும் பிரச்சினைதான். சாம்பல் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது ஐஎஸ் 456. நல்ல தண்ணீருக்கே அலையும் கழிமுக ஊரில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிதல்ல. 30 சதுர மீட்டரில் இரண்டரை செ.மீ. நிறுத்தவே 750 லிட்டர் வேண்டும், ஆவியாவது தனி. பக்கத்தில் கழி நிறைய நீர் இருக்கிறதே என்று கை நீளும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். கடலில் பாதி உப்புள்ள நீரைக் கலவைக்கு ஊற்றினால் ஒரு கன மீட்டரில் 144 லிட்டர் வழியாக ஏறத்தாழ 1.4 கிலோ குளோரைடு சேரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 அனுமதிக்கும் எல்லை 0.6 கிலோ. இருபது ஆண்டு கழித்து வர வேண்டிய உப்பைக் கலக்கும் அன்றே உள்ளே வைத்துவிடுகிறோம். ஈரம் காக்கவும் அந்த நீர் ஆகாது. மாற்று வழி செலவில்லாதது: நல்ல தண்ணீரில் நனைத்த சாக்கை விரித்து, மேலே பாலித்தீன் தாளால் ஓரம்வரை மூடிக் கல் வைத்துவிட்டால் ஆவியாதல் பெருமளவு நின்றுவிடும், அவ்வப்போது சில குடம் போதும்.

கடலோரத்தில் தளம் போடப்போகும் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கழி நீரைக் கலவைப் பக்கமே கொண்டுவர விடாதீர்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்து, மேலே 45 மில்லிமீட்டர் மூடல் கிடைக்கும்படி கம்பி நிற்கிறதா என்று கொட்டும் முன்பே அளந்து பாருங்கள். உலர் சிமென்ட் தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளித்தளத்துக்குக் கண்ணாடி மெருகைக் கேட்காதீர்கள். உள்தளத்துக்குக் கேட்டால், கால்தடம் பார்த்துக் கொத்தனார் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.